தமிழ் தெரிந்த ஒரே காது

படப்பிடிப்பு நடக்கும் வீட்டுக்குள் நுழைந்ததும் நான் முதலில் தேடுவது ஃபிரிட்ஜைத்தான். அதன் உறுமல் வசனத்துக்கு அடியில் பதிந்துவிட்டால் பிறகு பிரித்தெடுப்பது பெரும்பாடு. ஆகவே அதை நிறுத்திவிட்டு என் கார்ச் சாவியை அதற்குள் வைப்பேன். திரும்ப அதைத் திறந்து, ஓடவிட்டு, சாவியை எடுக்காமல் நான் வீட்டுக்குப் போக முடியாது. இருபது வருடமாகப் படங்களுக்கு ஒலிப்பதிவு செய்கிறேன். இன்றுவரை எந்த வீட்டுக்காரரின் பாலையும் கெடுத்ததில்லை.

ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சன் நகரத்தில் அந்தப் படம் எடுத்த நாளும் அப்படித்தான் தொடங்கியது. பழைய சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் ஒரு சமையலறை. திரையில் அங்கே ஒரு பெண் தனியாக இருப்பாள். உண்மையில் அவளைச் சுற்றிப் பத்துப் பேருக்கு மேல் நெருக்கியடித்துக்கொண்டு நின்றோம். வெளியே மழை. விளக்குக்காரர்கள் சாரத்தில் ஏறி நின்று நனைந்தபடியே ஜன்னல் வழியாகக் காலை வெயிலை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கேமராவின் ஃபோகஸைக் கவனிப்பவர் லென்ஸிலிருந்து நாற்காலி வரை நாடா பிடித்து அளந்தார். காட்சிக்குக் காட்சி தொடர்ச்சி பார்க்கும் பெண், மேசையிலிருந்த கோப்பையில் தேநீர் எந்த மட்டம் வரை நிற்கிறது என்று படம் எடுத்து வைத்துக்கொண்டார். அலமாரியில் பிள்ளையார் படத்தை மிளகாய்த்தூள் போத்தலுக்குப் பின்னால் மாட்டியிருந்த அரங்க அமைப்பாளரிடம் நான் இரண்டு வார்த்தை சொன்னேன். அவர் மறுபேச்சில்லாமல் படத்தை மேலே ஏற்றினார்.

நடிக்க வந்திருந்தவர் நடிகை இல்லை. அந்த ஊரிலேயே முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை செய்யும் யாழ்ப்பாணத்து அக்கா. கோவிலில் ஒட்டியிருந்த அறிவித்தலைப் பார்த்து வந்தவரை இயக்குநருக்கு முதல் பார்வையிலேயே பிடித்துப்போய்விட்டது. உடையலங்காரப் பெண் அவருடைய கம்பளிச் சட்டையைச் சரிசெய்ய, நான் மைக்கோடு போனேன்.

"சட்டைக்கு உள்பக்கமா ஒட்டவேணும் அக்கா. ஒட்டட்டோ?"

"ஒட்டு பிள்ளை. நீ தமிழ் எண்டு முதலே தெரிஞ்சிருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டன்."

காட்சி சின்னது. தொலைபேசி அடிக்கிறது. ஊரில் தமக்கை இறந்துவிட்டதாகச் செய்தி. கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அவர் இரண்டே வசனம் பேச வேண்டும்: "நான் வாறன். டிக்கெட் எடுத்துப்போட்டுச் சொல்லுறன்."

கேமரா ஓடத் தொடங்கியது. என் உதவியாளர் நீளக் கம்பில் கட்டிய மைக்கை அக்காவின் தலைக்கு மேல் அசையாமல் பிடித்திருந்தார். அக்கா தொலைபேசியைக் காதில் வைத்துக் கேட்டார். மறுமுனையில் யாருமில்லை, ஆனாலும் கேட்டார். எழுதியிருந்ததைவிட நெடுநேரம் கேட்டார். பிறகு மிக மெதுவாகப் பேசினார்.

"அக்கா, நீ வரச்சொல்லேக்க எனக்கு வேலை கூடிப்போச்சு எண்டு சொன்னது பொய். என்னட்டை அப்ப இருந்தது டுல்டுங், திருப்பி அனுப்பாமல் வைச்சிருக்கிற கடுதாசி மட்டுந்தான். இந்த நாட்டை விட்டு வெளிக்கிட்டால் திரும்பி உள்ளுக்கு வர ஏலாது. அதை உனக்குச் சொல்ல வெக்கமா இருந்தது. நான் வரக்கூடாதெண்டு இருக்கேல்லை."

ஹெட்போனில் அந்தக் குரல் என் காதுக்குள்ளேயே இருந்தது. எச்சில் விழுங்கியதுகூடக் கேட்டது.

இயக்குநர் தாழ்ந்த குரலில் 'கட்' சொன்னார். ஃபோகஸ் பார்ப்பவர் கண்ணைத் துடைத்தார். அந்த அறையில் என்னைத் தவிர வேறு ஒருவருக்கும் அக்கா சொன்னதில் ஒரு சொல் புரிந்திருக்கவில்லை. எழுதிக்கொடுத்த வசனத்தைத்தான் கொஞ்சம் நீட்டிச் சொன்னார் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"கிடைத்துவிட்டது. ஒலி எப்படி?" என்று இயக்குநர் கேட்டார்.

ஒவ்வொரு டேக் முடிந்ததும் கேட்கும் கேள்விதான். நான் சரி என்று சொல்லும்வரை யாரும் இடத்தைவிட்டு நகர முடியாது. ஒலி சுத்தமாக இருந்தது. அதைவிடச் சுத்தமாக நான் ஒரு குரலையும் பதிந்ததில்லை.

"ஐந்து நிமிடம் வேண்டும்" என்றேன். உதவி இயக்குநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பார்க்கட்டும் என்று நான் அக்காவைப் படிக்கட்டுக்குக் கூட்டிப்போனேன்.

"அக்கா, நீங்கள் கதைச்சது எழுதினதில இல்லை."

"தெரியும் பிள்ளை." அவர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார். "போனைக் காதில வைச்சவுடன வந்திட்டுது. அவ செத்து இப்ப கனகாலம். நான் செத்தவீட்டுக்கும் போகேல்லை. கடைசி வரைக்கும் எனக்கு வேலைதான் பெரிசு எண்டு நினைச்சுக்கொண்டு போனவ."

"இதைப் படத்தில போட விருப்பமோ? விருப்பமெண்டால் விடுவம். இல்லையெண்டால் நான் டைரக்டரோட கதைக்கிறன்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அவவின்ர பிள்ளையள் பாப்பினம். என்ர வாயால கேளாமல் படத்தில கேக்கக்கூடாது. வேண்டாம்."

உள்ளே போனேன். விமானச் சத்தம் விழுந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். ஹெட்போன் என் காதிலும் கம்பு பிடித்தவர் காதிலும்தான் இருந்தது, அவர் என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டார். ஆனால் ஒலி விஷயத்தில் நான் பொய் சொன்னதில்லை, அன்றைக்கும் சொல்ல விரும்பவில்லை. இயக்குநரைத் தனியே அழைத்து, நடந்ததை அப்படியே ஜெர்மனில் சொன்னேன்.

அவர் என்னைவிட வயதில் இளையவர், கெட்டவரில்லை. முகம் மட்டும் வாடிவிட்டது. "இவ்வளவு நன்றாக வந்ததை எப்படி விடுவது? திரையில் கீழே ஓடும் மொழிபெயர்ப்பில் நம் வசனத்தையே போட்டுவிடலாமே" என்றார்.

"போடலாம். யாழ்ப்பாணத்தில் பார்ப்பவர்களுக்கு உங்கள் மொழிபெயர்ப்பு தேவைப்படாது."

இயக்குநர் எழுந்து அக்காவிடம் போய், நாற்காலிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து பேசத் தொடங்கினார். மொழிபெயர்க்க நானும் போனேன். அக்கா கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டு, நேராக அவரைப் பார்த்துத் தன் ஜெர்மனில் சொன்னார்: "அந்தப் பேச்சு என் தமக்கைக்கு. உங்களுக்கு இல்லை."

இயக்குநர் தலையாட்டினார். "சரி, மறுபடி எடுப்போம்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. தொடர்ச்சிப் பெண் கோப்பையில் பழைய மட்டத்துக்குத் தேநீர் ஊற்றினார். ஒப்பனைப் பெண் அக்காவின் கண்ணுக்குக் கீழே ஒற்றினார். மழைக்குள் நின்றவர்கள் விளக்கின் கண்ணாடியைத் துடைத்தார்கள். இந்த வேலையில் எனக்குப் பிடித்த நேரம் இதுதான். அவரவர் கை அவரவர் வேலைக்குத் தானாகப் போகும்.

இரண்டாவது டேக்கில் அக்கா எழுதியிருந்த இரண்டு வசனத்தை மட்டும் சொன்னார். முதல் வசனத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் ஒரு மூச்சு இழுத்தார். அந்த மூச்சு வசனத்தில் இல்லை. ஆனால் அதை அவர் தெரிந்தேதான் கொடுத்தார் என்று எனக்குத் தோன்றியது.

"ஒலி?"

"சுத்தம்" என்றேன்.

அன்றைய ஒலி அறிக்கையில் முதல் டேக்குக்கு எதிரே, பயன்படுத்தக்கூடாது என்று எழுதி இரண்டு கோடு போட்டேன். படத்தொகுப்பாளருக்கும் போன் பண்ணிச் சொன்னேன். சில வாரம் கழித்து அவரே போன் செய்தார். முதல் டேக்கில் அக்கா பேசுவதற்கு முன் சும்மா கேட்டுக்கொண்டிருக்கும் முகத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாமா என்றார். அதைத் தீர்மானிப்பது நான் இல்லை என்று அக்காவிடமே கேட்டேன்.

"வாய் திறக்க முதல் இருக்கிறதை எடுக்கட்டும்" என்றார் அக்கா.

படம் முடிந்து, அந்த ஊர்த் திரையரங்கில் ஒரு ஞாயிறு பிற்பகல் காட்டினார்கள். அக்கா எனக்குப் பக்கத்தில் இருந்தார். தன் காட்சி வந்தபோது கைப்பையை இறுக்கிப் பிடித்தார், அழவில்லை. கடைசியில் பெயர்கள் ஓடத் தொடங்கியதும் பாதிப் பேர் எழும்பிப் போனார்கள். அக்கா அசையவில்லை.

"இது ஆர்?"

"கோப்பையைப் படம் எடுத்த பிள்ளை."

"இது?"

"மழைக்குள்ள நிண்டு வெயில் அடிச்ச ஆள்."

"இவ்வளவு பேரோ?" என்றார். என் பெயர் வந்தபோது முழங்கையால் ஒரு இடி இடித்தார்.

வெளியே டிராம் நிறுத்தத்தில் நின்றபோது அவராகவே சொன்னார். "படம் வர முதலே என்ர அக்காவின்ர மோளுக்குப் போன் எடுத்தனான். எல்லாத்தையும் சொல்லிப்போட்டன்."

"என்ன சொன்னவ?"

"முதல்ல, 'அம்மா இருக்கேக்க ஏன் சொல்லேல்லை' எண்டு கேட்டாள். பிறகு, 'சின்னம்மா, ஒருக்கா வந்து கொஞ்ச நாள் நிண்டிட்டுப் போங்கோ' எண்டாள். இப்ப என்னட்டைப் பாஸ்போட் இருக்குத்தானே. லீவும் கேட்டிட்டன்."

டிராம் வந்தது. பின்னேர வேலைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி ஏறினார். நான் எதிர்ப்பக்க நிறுத்தத்துக்குப் போக வீதியைக் கடந்தேன்.