துரை வீட்டு மீன்குளம்

சொர்ணம்மாளுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். கூலியாயிருந்த புருஷன் கப்பல் மூட்டைக்கடியில் நசுங்கிச் செத்தபின், பர்மாவில் க்யிம்யிண்டைங் என்ற இடத்தில் ஒரு மரக்கம்பெனித் துரையின் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்து, கொல்லைக் கொட்டகையிலேயே குடியிருந்தாள்.

துரைக்குக் குளப்பைத்தியம். அவர் ஊரில் பழைய காலத்துக் கிறிஸ்தவச் சந்நியாசிகள், கறி தின்னாத விரத நாளுக்கென்று மீன் வளர்த்த குளங்கள் இருந்தனவாம். இன்று அவை புல் மூடிய பள்ளங்கள். அவற்றைத் தோண்டிப் பார்த்து, கரை எப்படி, மதகு எப்படி என்று படம் வரைந்து வைத்திருந்தார். அதே அச்சில் இங்கே ஒரு நீளக் குளம் வெட்டச் சொன்னார். மண் சுமந்தவர்களில் சொர்ணம்மாளும் ஒருத்தி. அங்கே மண் சுமந்தவர்கள் யாரென்று அந்தப் படங்களில் இருக்கவா போகிறது!

சில வருஷத்துக்கொருமுறை குளத்தை வற்றவிட்டுக் காயப்போடுவது அவர்கள் ஊர் முறை. அந்தக் கோடையில் மதகு திறந்தது. துரை வளர்த்த கெண்டைகள் தண்ணீர் நிரப்பிய பீப்பாய்களுக்குப் போயின. ஆற்றுநீரோடு வந்து சேர்ந்த விராலும் கெளுத்தியும் சேற்றில் துடித்தன. "அதெல்லாம் களை, சாகட்டும்" என்று உத்தரவானது.

வற்றும் குட்டைகளிலிருந்து மீன்களை எடுத்து, ஆற்றில் விட்டுப் பர்மியர்கள் புண்ணியம் தேடும் மாதம் அது. பக்கத்துத் தெருப் பர்மாக்காரி டோ ம்யா பானைகளோடு வந்து நின்றாள். சொர்ணம்மாள் யாரையும் கேட்காமல் பின்கதவைத் திறந்துவிட்டாள். தானும் சேற்றில் இறங்கினாள். பானை பானையாக மீன்கள் ஆற்றுக்குப் போயின.

பட்லர் ஞானசுந்தரம் ஓடி வந்தார். "ஏண்டி, துரை மீனைத் திருடிக் குழம்பு வைக்கப் பாத்தியா?"

"ஆத்துல விட்ட மீனை எந்தச் சட்டியில தேடுவே பட்லரு? உன் தொந்தியிலதான் தேடணும்!"

தோட்டக்காரர்கள் சிரித்தார்கள். பின்னாலேயே வந்த துரை சிரிக்கவில்லை. அவர் சொன்னதை ஞானசுந்தரம் தமிழாக்கினார். "அவங்க ஊர்ல குளத்து மீன்ல கைவச்சா அந்தக் காலத்துல ஜெயிலாம். 'திருடினேன், மன்னிச்சுக்கங்க'ன்னு சொல்லு. வேலையும் கொட்டகையும் நிலைக்கும்."

"சேத்துல கிடந்தா களை, என் பானையில ஏறினா அவரு சொத்தா? நல்லாருக்குய்யா நியாயம்!"

பட்லர் குரலைத் தாழ்த்தினார். "பொய்யாவாச்சும் சொல்லித் தொலையேன், சொர்ணம். மழைக்காலம் வருது. எங்க போவே?"

"எங்கயோ போறேன். செய்யாத திருட்டை என் வாயால சொல்ல மாட்டேன்."

பாயையும் இரண்டு சேலையையும் சுருட்டிக்கொண்டாள். கூலிகள் மிதிக்கக் கூடாத முன்வாசல் வழியாக, கூட்டிப் பெருக்கிய வெள்ளைக் கல்பாதையில், சேற்றுக் காலோடு நிதானமாக நடந்து வெளியேறினாள்.