ஆடியது கேமரா இல்லை

போன ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். என் மகள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தபடி போனைத் தெருக்கோடி டீக்கடைப் பக்கம் நீட்டி, திரையை இரண்டு விரலால் விரித்து, "அம்மா, அப்பா போண்டா துன்றாரு. ரெண்டாவது" என்றாள். எட்டிப் பார்த்தேன். உடம்பில் சர்க்கரையை வைத்துக்கொண்டு, வாக்கிங் என்று சொல்லிவிட்டுப் போன மனிதர், போண்டாவைப் பிட்டுச் சட்னியில் தோய்த்துக்கொண்டிருந்தார். மீசையில் ஒட்டிய சட்னிகூடத் தெரிந்தது. மகளுக்கு ஒரு கையில் போன், மறு கையில் முறுக்கு. ஆனாலும் படம் துளி ஆடவில்லை. போண்டாவைப் பார்த்து வந்த கோபத்தைவிட, ஆடாத அந்தப் படத்தைப் பார்த்து எனக்கு வந்த பொறாமைதான் அதிகம். நாங்களெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஜூம் போட்டவர்கள்.

கல்யாணத்துக்கு முன்னால் பாண்டிச்சேரியில், பெரிய மார்க்கெட் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் வேலை பார்த்தேன். முன்பக்கம் கேமரா விற்பனை, பின்பக்கம் லேப். பிலிம் கழுவும் மருந்து வாடை சாயங்காலம் என்னோடு டெம்போ ஏறி முத்தியால்பேட்டை வரைக்கும் வரும். அதனால் பக்கத்து சீட்டு பெரும்பாலும் எனக்கே கிடைக்கும். டிஜிட்டல் வந்து வாடை குறைந்தபோது என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தார்கள். முகம் துடைக்கிற வேலை. பருவை அழித்து, நிறத்தை இரண்டு படி ஏற்றி, முன்வழுக்கையில் கொஞ்சம் கறுப்பு தடவி அனுப்புவேன். அந்த வட்டாரத்தில் என் கை படாத மாப்பிள்ளையே கிடையாது. இதை நான் சொல்கிறபோதெல்லாம் என் அம்மா தலையில் அடித்துக்கொள்வார்.

அந்த வினை எனக்கே திரும்பியது. தரகர் ஒரு போட்டோவோடு வந்தார். கருவடிக்குப்பத்துப் பையன், தனியார் கம்பெனியில் சூப்பர்வைசர். போட்டோவைத் திருப்பினால் பின்னால் எங்கள் கடை முத்திரை. கன்னத்தின் வழவழப்பைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, என் கைவேலைதான். எதை அழித்தேன், எதைச் சேர்த்தேன் என்பதுதான் சுத்தமாக நினைவில்லை. ஊரெல்லாம் ஏமாற்றிய கையால் நானே ஏமாறப் போகிறேனா என்று பயம் வந்தது.

மில் மூடியபிறகு வாட்ச்மேன் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த என் அப்பா கெடு வைத்தார். "ஞாயித்துக்கெழமை சாயங்காலம் பாக்க வராங்க. வந்து பஜ்ஜி துன்னுட்டுப் போனப்புறம் வேணான்னா அசிங்கம். புடிக்கலன்னா மத்தியானத்துக்குள்ள சொல்லிடு. வர வேணான்னு போன் பண்ணிடறேன்." நல்ல மனுஷர். ஆனால் ஆளைப் பார்க்காமல் எப்படிச் சொல்வது?

வெள்ளிக்கிழமை கடைக்கு ஒரு கேமரா வந்தது. முதலாளிக்குப் பாதிச் சொந்தம் பிரான்சில். அவரை எல்லோரும் முசியே என்றுதான் கூப்பிடுவோம். சென்னை வியாபாரி சாம்பிளுக்கு அனுப்பிய அந்தக் கேமரா சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. சுவிட்சைப் போட்டால் மூக்கு நீண்டுகொண்டே வரும். பன்னிரண்டு மடங்கு ஜூம். வெள்ளைக்காரர்கள் வருகிற சீசனுக்கு நிறைய வாங்கிப் போடலாமா என்று முசியேவுக்கு யோசனை.

"ரெண்டு நாள் வெச்சிருந்து பாரும்மா. பேட்டரி எவ்ளோ தாங்குது, சாயங்கால வெளிச்சத்துல எப்டி இருக்குதுன்னு சொல்லு" என்றார். பிறகு கை படம் போட்ட ஒரு பொத்தானைக் காட்டினார். "இதப் போட்டா நம்ம கை ஆடினாலும் படம் ஆடாதாம். எதுர்ல இருக்கறவன் ஆடினா அதுக்கு இது பொறுப்பில்லியாம். வுவாலா!" என்று பிரெஞ்சில் முடித்தார்.

கேமராவைக் கையில் வாங்கியபோதே எனக்குப் புத்தி வேறு பக்கம் போய்விட்டது. "பையனுக்கு ஒரு கெட்ட பழக்கமும் இல்ல. சனிக்கெழமை சாயங்காலம் ஃபிரண்டுங்களோட பீச்சுக்குப் போவான், அவ்ளோதான்" என்று தரகர் சொல்லியிருந்தார். பாண்டிச்சேரியில் சனிக்கிழமை சாயங்காலம் பிராந்திக் கடையைத் தாண்டிக் கடலுக்குப் போகிற ஆம்பளை என்றால், ஒன்று ரொம்ப நல்லவன், இல்லையென்றால் தரகர் பொய் சொல்கிறார். இரண்டில் எது என்று பார்த்துவிடுவது என முடிவு செய்தேன்.

கடையில் என்னோடு வேலை பார்த்த அமுதாவுக்குக் கடலோரம் வைத்திக்குப்பம். மறுநாள் அவள் வீட்டுப் பக்கம் இழுத்து வைத்திருந்த படகுகளின் பின்னால் இரண்டு பேரும் பதுங்கினோம். கருவாட்டு வாடையில் எனக்குத் தும்மல் வேறு. முதல் ஜூமில் தெரிந்தது எவனோ ஒருவனின் காது. பன்னிரண்டு மடங்கில் லேசாக மூச்சு விட்டால்கூட ஆள் காணாமல் போய்க் கடல் வரும். கை பொத்தானைப் போட்டேன். மெதுவாக நகர்த்தினேன். கறுப்புப் பாறைகள் வந்தன, சுண்டல் பொட்டலம் வந்தது, கடைசியில் அவரும் வந்தார்.

மூக்குக்கண்ணாடி! போட்டோவுக்காகக் கழற்றிவைத்திருக்கிறார். அந்தப் பாவம் என்னுடையது இல்லை. இடது கன்னத்தில் ஒரு பரு இருந்தது. அது என்னுடையதுதான். பார்த்ததும்தான் நினைவு வந்தது, அழித்த இடத்திலேயே திரும்ப முளைத்திருந்தது.

"ஆளு பரவால்லடி" என்றாள் அமுதா. நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்போதுதான் கூட இருந்த தடியன் ஒருவன் கர்சீப்பைத் தலையில் போட்டுக்கொண்டு எழுந்தான். மடித்த நாளிதழ்மேல் டீ இருந்த பேப்பர் கப்பை வைத்துத் தட்டு மாதிரி ஏந்தி, இடுப்பை ஆட்டி நடந்து வந்து இவர் முன்னால் குனிந்தான். இவர் எழுந்து நின்று கப்பை எடுத்தார். இன்னொருவன் பாறையில் விழுந்து விழுந்து சிரித்தான். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. நாளைக்கு நான் நடந்து வரப்போவதைத்தான் இன்றைக்கே கூத்தாக்கிக்கொண்டிருந்தார்கள்.

"கேலி பண்றானுங்கடி."

"லூசு. பயந்துபோயி பழகிக்கறான்டி."

"நீ பாத்தியா?"

"நீ கேட்டியா?"

ஜூம் ஆளைத்தான் பக்கத்தில் கொண்டுவரும், அவர்கள் பேசுவதைக் கொண்டுவராது. கோபத்தில் படம் எடுக்கிற பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தேன். அதற்குள் மீன்கூடையோடு வந்த ஒரு அக்கா, "இன்னா பொண்ணுங்களா, படகையா புடிக்கறீங்க? எங்க ஊட்டுக்காரர் பேர் தெரியிறாப்ல புடிங்க" என்று எதிரே வந்து நின்றுவிட்டார். அவரையும் ஒன்று எடுத்தேன். திரும்ப ஜூம் போட்டபோது பேட்டரி செத்துப் போயிருந்தது.

வேண்டாம் என்று சொல்லிவிடும் தீர்மானத்தோடுதான் ஞாயிறு காலை கடைக்குப் போனேன். முசியேவுக்குக் காட்ட வேண்டுமே என்று படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பெரிதாக்கினேன். பாறையின் வெடிப்பு கத்தி மாதிரித் தெரிந்தது. கர்சீப்பின் கட்டங்களை எண்ணலாம். பரு அப்படியே பளிச்சென்று இருந்தது. ஆனால் கப்பும் அதைப் பிடித்த விரல்களும் மட்டும் கலங்கியிருந்தன. அடுத்த படத்திலும் அப்படித்தான், அதற்கடுத்ததிலும் அப்படித்தான். நல்ல கேமராதான், ஆட்டம் மட்டும் நிற்கவில்லை என்று சொல்லிவிடலாம் என எழுந்தேன். எழுந்தவள் அப்படியே உட்கார்ந்தேன்.

என் கை ஆடியிருந்தால் பாறையும் சேர்ந்துதானே ஆடியிருக்க வேண்டும்?

எதிரில் இருப்பவன் ஆடினால் பொறுப்பில்லை என்று முசியே சொன்னது அப்போதுதான் உறைத்தது. சிரித்தவன் சிரித்துக்கொண்டிருக்கட்டும், கப்பைப் பிடித்தவர் சிரிக்கவில்லை. ஒரு தடியன் நீட்டிய டீயை வாங்கவே அந்தக் கை அப்படி நடுங்கியிருக்கிறது. இன்னும் பார்த்தேயிராத ஒருத்தியை நினைத்து நடுங்கியிருக்கிறது. அந்த ஒருத்தி நான். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"கேமராவப் பாத்துட்டு வரச் சொன்னா, மாப்பிள்ளயப் பாத்துட்டு வந்திருக்க?" முசியே எப்போது பின்னால் வந்து நின்றார் என்று தெரியவில்லை. தரகரின் போட்டோவை அமுதா ஏற்கெனவே அவரிடம் காட்டிவிட்டிருந்தாள்.

"பேட்டரிதான் தாங்கல முசியே. ஆட்டமெல்லாம் நல்லாத் தடுக்குது."

"அப்ப எடுத்துக்கலாங்கற?"

"எடுத்துக்கலாம் முசியே" என்றேன். இரண்டுக்கும் சேர்த்து ஒரே பதில். பிறகு கடைப் போனிலிருந்தே அப்பாவுக்கு அடித்து, "வரட்டும்பா" என்றேன்.

அன்று சாயங்காலம் நான் காபி நீட்டினேன். அவர் பாறையில் எவ்வளவு பழகியும், வாங்கியதும் பாதி காபி சாசரில்தான் இருந்தது. குனிந்து, யாருக்கும் கேட்காமல், "பேப்பர் கப்பு எடுத்தாரட்டா?" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்குத்தான் கையில் கேமரா இல்லாமல் போயிற்று.

இப்போது அந்த ஸ்டுடியோ இல்லை. அங்கே போன் உறை விற்கிறார்கள். அந்த மாதிரிக் கேமராக்களையும் எங்கும் காணோம். கடையை மூடியபோது கம்ப்யூட்டரைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டார்கள், என் படங்களும் அதோடு போயின. ஒரு பிரதியாவது எடுத்துவைத்திருக்கலாம். அத்தாட்சி இல்லை என்று தெரிந்ததும் என் வீட்டுக்காரருக்குத் தைரியம் வந்துவிட்டது. "என் கையாவது ஆடறதாவது, உங்கம்மாவோட ஓட்டக் கேமராதான் ஆடிச்சி" என்று மகளிடமே சாதிக்கிறார்.

போன ஞாயிறு மொட்டைமாடியில் மகளிடம் போனை வாங்கி, அந்தப் போண்டாப் படத்தை இன்னும் பெரிதாக்கிப் பார்த்தேன். விரல்கள் கல் மாதிரி நின்றன. தினம் காலையில் நான் நீட்டுகிற காபியையும் அப்படித்தான், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் வாங்கிக்கொள்கிறார். ஒரு சொட்டுகூடச் சிந்துவதில்லை. எனக்கு அது ஒன்றுதான் குறை.