சி பிளாக் தண்ணீர்

2006-ஆம் வருடம், ஆகஸ்ட் மாதம். ஷார்ஜாவின் எல்லையில், பாலைவனம் தொடங்கும் இடத்தில் இருந்த ஒரு கட்டுமான கம்பெனியின் கேம்ப்பில் நான் ஆண் நர்ஸாக வேலை பார்த்தேன். சொந்த ஊர் குமரி மாவட்டக் கடற்கரை. நாகர்கோவிலில் மூன்று வருடம் ஆஸ்பத்திரி அனுபவம். நானூறு தொழிலாளர்கள் தங்கியிருந்த அந்த கேம்ப்பில் மருத்துவம் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்ற நினைப்பு எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

அந்த மாதம் இரண்டாவது வாரம் வயிற்றுப்போக்கு என்று ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதல் நாள் மூன்று பேர், மறுநாள் ஏழு பேர். மெஸ் சாப்பாடு கெட்டிருக்கும், இல்லையென்றால் வெயிலின் வேலை என்று நானே முடிவு கட்டிவிட்டேன். ஃபோர்மேன் வேறு, பாதிப் பேர் டூட்டிக்கு டிமிக்கி கொடுக்கிறார்கள் என்று காதில் ஓதிக்கொண்டிருந்தார்.

விழுப்புரம் பக்கத்துக் கொத்தனார் ஒருவர், நாற்பது வயதிருக்கும், இரண்டு நாள் தொடர்ந்து வந்தார்.

"நிக்க முடியல சார். காலு ரெண்டும் சுருட்டி இழுக்குது. ஒரு நாள் லீவு எழுதிக் குடுங்க."

"வெயிலுதான். மாத்திரையப் போட்டுட்டு தண்ணிய நல்லா குடியுங்க, சரியாயிரும்" என்று சொல்லி சைட்டுக்கு அனுப்பிவிட்டேன். லீவு எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை, விடுமுறை நாள். காலை எட்டு மணி இருக்கும். கேட்டில் காவலுக்கு நிற்கும் கென்யாக்காரர் என் அறைக்கு வந்தார். ஒரு செக்யூரிட்டி கம்பெனி அனுப்பியிருந்த ஆள். ஐந்து மாதமாகப் பார்க்கிறேன், குட்மார்னிங்குக்கு மேல் நாங்கள் பேசிக்கொண்டதில்லை. கையில் ஒரு தாள். அவர் பேசியது ஆங்கிலம், கொஞ்சம் இந்தி. நான் தமிழில் சொல்கிறேன்.

"கோவிச்சுக்காதீங்க பிரதர். இதைக் கொஞ்சம் பாருங்க."

தாளில் மூன்று கட்டம் போட்டிருந்தார். ஏ, பி, சி. மூன்று பிளாக்குகள். டூட்டி முடிந்த நேரத்தில் அறை அறையாகப் போய்க் கேட்டு, வயிற்றுப்போக்கு உள்ளவர்களுக்கு ஆளுக்கு ஒரு புள்ளி வைத்திருந்தார். மொத்தம் முப்பத்தொன்று. இருபத்தொன்பது புள்ளிகள் சி பிளாக்கில். ஏ பிளாக்கில் இரண்டே இரண்டு.

"மெஸ் சாப்பாடுன்னா மூணு பிளாக்லயும் வரணும். ஏ பிளாக்ல இருக்கிற இந்த ரெண்டு பேரும் தினம் சாயங்காலம் ஊர்க்காரங்களைப் பார்க்க சி பிளாக் போறவங்க. அங்கதான் தண்ணி குடிக்கிறாங்க."

எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். வாட்ச்மேன் எனக்கு வைத்தியம் சொல்லித் தருகிறாரா என்று. "உங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்றேன்.

அவர் ஊர்ப் பக்கம் ஏரிக்கரைக் கிராமங்களில் காலரா பரவியபோது, ஒரு சின்ன சுகாதாரக் குழுவில் ஆறு வருடம் தொண்டராக இருந்தாராம். யாருக்கு நோய், எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுவதுதான் வேலை. குழு கலைந்ததும் விமானம் ஏறி இங்கே வந்துவிட்டார்.

இரண்டு பேரும் சி பிளாக்குக்குப் பின்னால் போனோம். அந்த பிளாக்குக்கு மட்டும் தண்ணீர்த் தொட்டி தரைக்கு அடியில். ஐந்தடி தள்ளி கழிவுநீர்த் தொட்டி. கழிவை எடுக்கிற லாரி பல நாட்களாக வராததால் அது நிரம்பி, சுற்றிலும் மண் ஈரமாகக் கிடந்தது. குடிநீர்த் தொட்டியின் மூடியைத் தூக்கினோம். அடித்த நாற்றத்தில் எனக்குத் தலை சுற்றியது. நல்லா குடியுங்க என்று நான் சொல்லி அனுப்பியது இந்தத் தண்ணீரைத்தான்.

வால்வை மூடிவிட்டு, அதே பிளாக்கில் இருந்த கொத்தனாரின் அறைக்கு ஓடினேன். கண்கள் குழி விழுந்திருந்தன. கையைக் கிள்ளினால் தோல் கிள்ளியபடியே நின்றது. என்னிடம் இருந்த சலைனை ஏற்றினேன். காவலர் பி பிளாக்கில் தண்ணீர் காய்ச்சி, உப்பும் சர்க்கரையும் கலந்து, மற்றவர்களை வரிசையாக உட்காரவைத்துக் குடிக்கக் கொடுத்தார்.

கேம்ப் மேனேஜருக்கு போன் போட்டேன்.

"இன்னிக்கு லீவு. நாளைக்குப் பார்க்கலாம். முனிசிபாலிட்டிக்குத் தெரிஞ்சா கேம்ப்பையே மூடிருவாங்க. வெளியே பேச்சு மாஃபி. கலாஸ்" என்று வைத்துவிட்டார். மாஃபி என்றால் இல்லை, கலாஸ் என்றால் முடிந்தது; கேம்ப்பில் எல்லோரும் பேசும் அரபி.

என் விசா அவர் கையில். போனைப் பிடித்தபடியே நின்றேன். காவலர் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

"நல்ல தண்ணி இரக்கப்பட்டு யாரும் கொடுக்கிற பொருள் இல்லை பிரதர். அது இவங்க உரிமை. எங்க குழுவில முதல் நாளே இதைத்தான் சொல்லிக்கொடுத்தாங்க. நீங்க நர்ஸ், நீங்க எழுதினா செல்லும். எழுதுங்க. கீழ நானும் கையெழுத்துப் போடறேன்."

"உங்க வேலை போயிரும்."

"போகலாம். வேற வேலை தேடிக்குவேன்."

எழுதினேன். நோயாளிகளின் எண்ணிக்கை, பிளாக், தொட்டியின் நிலை எல்லாவற்றையும். புள்ளி வைத்த தாளையும் சேர்த்துப் பின் குத்தினேன். இரண்டு கையெழுத்துகள். மேனேஜரைக் கேட்காமல் ஆம்புலன்ஸை வரவழைத்து, கொத்தனாரோடு நானும் ஏறினேன். அரசாங்க ஆஸ்பத்திரியில் டாக்டர் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, அங்கேயே யாருக்கோ போன் செய்தார். மாலைக்குள் ஆய்வாளர்கள் கேம்ப்புக்கு வந்தார்கள். குடிநீர்த் தொட்டிச் சுவரில் விரிசல்; அதன் வழியாகக் கழிவுநீர் உள்ளே கசிந்திருந்தது. அன்றே சீல் வைத்து, வெளியிலிருந்து லாரித் தண்ணீர் வரவழைத்தார்கள். முப்பத்தொரு பேரும் பிழைத்தார்கள்.

நான்காம் நாள் ஆஸ்பத்திரியில் கொத்தனாரிடம், "அந்தத் தண்ணிய குடிக்கச் சொன்னது நான்தான்" என்று ஒப்புக்கொண்டேன்.

"தெரியாம சொன்னதுதான சார்" என்றார். போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஆனா கேட்டப்ப லீவு குடுத்திருக்கலாம்" என்றார்.

மேனேஜர் என்னிடம் பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் கடிதம் அரசாங்கத்தின் கையில் இருந்ததால் என்னைத் தொடவும் முடியவில்லை. இரண்டு வாரத்தில், செக்யூரிட்டி கம்பெனியிடம் சொல்லி, காவலரை மட்டும் வேறு சைட்டுக்கு மாற்றிவிட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. அவரோ பையைத் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தார். "அங்கேயும் ஆளுங்க தண்ணி குடிப்பாங்க இல்லையா, போய்ப் பார்க்கிறேன்" என்றார்.

இப்போது நான் ஊரில் ஒரு ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். துப்புரவு செய்பவரோ, நோயாளியை ஏற்றிவந்த ஆட்டோக்காரரோ "எனக்கு ஒண்ணு தோணுது" என்றால், கையில் இருக்கும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்கிறேன். எதிரில் நிற்பவர் சொல்வதை முழுதாகக் கேட்பதும், கேட்டதைப் பயப்படாமல் எழுதிக் கையெழுத்துப் போடுவதும் என் வேலையில் பாதி என்று அந்தக் காவலரிடம்தான் தெரிந்துகொண்டேன்; இத்தனை வருடங்களில் அது என்னை ஒரு முறைகூடக் கைவிடவில்லை.