எம்.எல்.ஏ. தண்ணீர்ப் பக்கம் நின்றார்

இன்று எங்கள் ஊர்க் கூட்டத்துக்கு எம்.எல்.ஏ. வந்தார்.

இறால் விற்கும் மேரி அக்கா நேராகக் கேட்டுவிட்டார்: “ஏரிக்கரைய கம்பெனிக்கு வுடுற சட்டத்துக்கு நீ ஓட்டு போட்டியா இல்லியா?”

“சபைல ‘ஆம்’, ‘இல்லை’ன்னு எல்லாரும் சேந்து குரல் குடுப்போம்மா. யார் பேரையும் தனியா எழுத மாட்டாங்க.”

“இன்னா நைனா, இங்க அப்டி இல்லியே!”

ஏரியில் வலை போடும் இடத்தைப் பங்கிடும்போது, எங்கள் ஊரில் சம்மதிப்பவர்கள் கோயில் பக்கமும் மறுப்பவர்கள் தண்ணீர்ப் பக்கமும் போய் நிற்பார்கள். நடுவில் யாரும் நிற்கக்கூடாது.

“சட்டம் போட்ட அன்னிக்கு நீ எந்தப் பக்கம்னு நின்னு காட்டு,” என்றார் அக்கா.

மனிதர் சிரித்துக்கொண்டே தண்ணீர்ப் பக்கம் நடந்தார். கைதட்டினோம், டீ கொடுத்தோம், போட்டோவும் எடுத்தோம்.

சபையில் எழுதாவிட்டால் என்ன, அவர் நின்ற பக்கம் எங்கள் எல்லார் ஃபோனிலும் இருக்கிறது. அடுத்த சட்டம் வரட்டும்.

உங்கள் எம்.எல்.ஏ. இன்னும் நடுவில்தான் நிற்கிறாரா?