நெட் திரும்பி வந்த மத்தியானம்

விழிஞ்ஞம் போகும் சாலையிலிருந்து கீழே இறங்கினால் ஒரு பள்ளம். அந்தத் தொழிலாளர் குடியிருப்பு அங்கேதான் இருந்தது. செல்போன் சிக்னல் எட்டாத இடம் என்பதால் கட்டிடக் கம்பெனி வைஃபை போட்டிருந்தது. அது நின்றுபோனால் என்னைக் கூப்பிடுவார்கள். தங்கியிருந்தவர்கள் பெரும்பாலும் சங்கரன்கோவில் பக்கத்து ஆட்கள்.

அந்த மத்தியானத்துக்கு முந்தின நாள் அவர்களில் ஒருவர் சாரத்திலிருந்து விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். நான் போன அன்று யாரும் வேலைக்குப் போகவில்லை. முற்றத்தில் கும்பலாக நின்றார்கள். காலையில் கரண்ட் போய்த் திரும்பியதிலிருந்து ஒருவர் போனிலும் நெட் இல்லை. விஷயம் வெளியே போகக்கூடாது என்று கம்பெனியே துண்டித்துவிட்டதாக அவர்கள் நம்பினார்கள்.

"எங்ஙனயாவது சரியாக்கு மோனே. இவங்க என்னைக் கொன்னுருவாங்க," என்றார் சூப்பர்வைசர். மலையாளி. சட்டை முழுக்க வியர்த்திருந்தது.

எல்லா அறைகளுக்கும் கேபிள் பிரியும் பெட்டி படிக்கட்டுக்கு அடியில் இருந்தது. அங்கே உட்கார்ந்து லேப்டாப்பைச் செருகி, கேபிளில் போகிறதையும் வருகிறதையும் பிடித்துக் காட்டும் மென்பொருளைத் திறந்தேன். ஒன்றையும் காட்டவில்லை. பிடிப்பதற்கு இணைப்பே இல்லை என்றது. லேப்டாப் தானாக அப்டேட் ஆனதில், அந்த மென்பொருள் கேபிளைப் படிக்கத் தேவையான டிரைவர் நிரல் அழிந்துபோயிருந்தது. பென்டிரைவிலிருந்து மறுபடி ஏற்ற ஆரம்பித்தேன்.

அதற்குள் என் முதுகுக்குப் பின்னால் ஆட்கள் வந்துவிட்டார்கள். முன்னால் நின்றவர் விழுந்தவரின் மைத்துனர். அகலமான கை, விரலிடுக்கில் சிமெண்ட்.

"என்னல பண்ணுத?"

"கோளாறு எங்கேன்னு பார்க்கேன் அண்ணாச்சி. ஒரு நிமிஷம்."

டிரைவர் ஏறியதும் திரையில் வரிகள் ஓட ஆரம்பித்தன. நீலம், பச்சை, மஞ்சள். யாரோ ஒருவன் கத்தினான்: "நம்ம பேசுறதயெல்லாம் புடிக்கான்ல!"

"இல்லண்ணே, பேச்சு இதுல தெரியாது..." என்று நான் தொடங்கியபோது அறை விழுந்தது. கண்ணாடி பறந்தது. தலைமுடியைப் பிடித்துப் படிக்கட்டின் விளிம்பில் மோதினார்கள். ஒருவன் விலாவில் மிதித்தான். வாயில் ரத்தம் நிறைந்தது. நானும் தமிழன்தான், என் அப்பா தென்காசிக்காரர் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது. "நம்ம ஆளா இருந்துட்டு உளவு பாக்கியால?" என்று மைத்துனர் என் கழுத்தைப் பிடித்து நெரித்தார்.

அப்போதும் திரை கண்ணுக்கு நேராக இருந்தது. கண்ணாடி இல்லாமலே தெரிந்தது. ஒவ்வொரு போனும் நெட்டுக்குள் வர ஒரு முகவரி கேட்கும். அதைக் கொடுக்க வேண்டியது ஒரே ஒரு பெட்டி. இங்கே ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு பதில்கள் வந்துகொண்டிருந்தன. முந்திக்கொண்ட இரண்டாவது பெட்டி எங்கேயும் போகாத முகவரியைக் கொடுத்தது.

"கிடைச்சிருச்சு," என்றேன். குரல் வரவில்லை. திரையை நோக்கிக் கை நீட்டினேன். மைத்துனர் பிடியைத் தளர்த்தினார்.

கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். சூப்பர்வைசர் அறைக்குப் போகிறதைப் பிடுங்கியதும் அந்த இரண்டாவது பதில் நின்றது. தன் அறையில் டிவி பார்க்க அவரே ஒரு சின்ன ரூட்டரை முந்தின நாள் தப்பான துளையில் செருகியிருந்தார். காலையில் கரண்ட் போய் வந்து எல்லாப் போனும் புதிதாக முகவரி கேட்டபோதுதான் அது வினையானது. துண்டிக்கும் எண்ணமெல்லாம் இல்லை. மெயின் பெட்டியை அணைத்துப் போட்டேன்.

ஒரு போன் சத்தமிட்டது. பிறகு முற்றம் முழுக்கச் சத்தம். சிலர் சிரிக்கக்கூடச் செய்தார்கள். மைத்துனர் தன் போனைக் காதில் வைத்தார். ஊரிலிருந்து அவருடைய அக்கா நெட் வழியாகப் பேசிப் பதிவு செய்து அனுப்பியிருந்தாள். அந்த ஓலம் எனக்கும் கேட்டது. ஆஸ்பத்திரியில் கிடந்த அவள் புருஷன் விடியும்போதே செத்துப்போயிருந்தார்; அங்கிருந்து ஊருக்குத்தான் தகவல் போயிருந்தது.

அவர் சூப்பர்வைசரைத் திரும்பிப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா?"

சூப்பர்வைசர் பின்வாங்கினார். அதுவே போதுமாக இருந்தது.

செங்கல் பறந்து ஆபீஸ் கண்ணாடிகள் நொறுங்கின. சூப்பர்வைசரைக் கம்பிக் கட்டின்மேல் தள்ளி மண்வெட்டிக் காம்பால் அடித்தார்கள். கை முறியும் சத்தம் எனக்குக் கேட்டது. "எண்டம்மே" என்று அவர் அலறினார். நான் குறுக்கே போகவில்லை, போக முடியவும் இல்லை. போலீஸ் வந்து, கையில் அகப்பட்டவர்களையெல்லாம் லத்தியால் அடித்தது. நான் கம்பெனி ஆள் என்று மலையாளத்தில் சொல்லி முடிப்பதற்குள் முழங்காலில் இரண்டு விழுந்தன.

ஆஸ்பத்திரியில் எனக்கு உதட்டில் தையல் போட்டார்கள். பக்கத்து பெஞ்சில் மண்டை உடைந்து மைத்துனர் உட்கார்ந்திருந்தார். கூடவே ஒரு போலீஸ்காரர். சூப்பர்வைசர் உள்ளே ஆபரேஷனில் இருந்தார்.

மைத்துனர் என் பக்கம் திரும்பிக் கேட்டார்: "தம்பி, அக்கா காலைல இருந்து நெட்ல கூப்பிட்டிருக்கா. எனக்கு அடிக்கவே இல்ல. அவளுக்கு எப்படிக் கேட்டிருக்கும்?"

என்னை அடித்த கையைப் பார்த்தேன். அந்த ஆளிடம் எனக்கு இரக்கம் இல்லை. ஆறுதலுக்காகப் பொய் சொல்லவும் வரவில்லை.

"அவங்க பக்கம் மணி அடிக்கிற மாதிரிதான் கேட்டிருக்கும்."

"அப்ப நான் எடுக்கலன்னு நெனச்சிருப்பா."

போலீஸ்காரர் அவரை எழுப்பினார். போலீஸ் வாங்கி வைத்திருந்த தன் போனைத் திருப்பித் தரச் சொல்லி, ஜீப்பில் ஏறும்வரை அவர் கேட்டுக்கொண்டே போனார். அவர்கள் கொடுக்கவில்லை.