ஓட்டுகிறவரின் எடை

சக்கரங்களை நேராக்குவதற்கு முன்னால் ஓட்டுகிறவரை எடை போட வேண்டும் என்பது எட்டு வயதிலேயே எனக்குத் தெரியும். என் வகுப்பில் வேறு யாருக்கும் அது தெரியாது என்ற பெருமையும் இருந்தது. காரணத்தை அப்பா ஒருமுறை விளக்கியிருந்தார். ஆள் ஏறி உட்கார்ந்ததும் அந்தப் பக்கத்து ஸ்பிரிங் அமுங்கும். அமுங்கினால் சக்கரத்தின் சாய்வும் அது பார்க்கும் திசையும் சற்றே மாறும். சாதாரணக் காரில் இதை யாரும் பொருட்படுத்துவதில்லை. சேக்காட்டில் எங்கள் வீட்டுப் பின்புறக் கொட்டகையில் நின்றது சாதாரணக் கார் இல்லை.

அது இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, கூரை இல்லாத ஸ்போர்ட்ஸ் கார். யாரோ ஒரு சினிமாத் தயாரிப்பாளரின் வீட்டில் தார்ப்பாய்க்குக் கீழே பல வருடம் கிடந்து, வயர்களை எலி கடித்து, எஞ்சினுக்குள் தண்ணீர் இறங்கிய பிறகு என் சித்தப்பாவின் கைக்கு வந்தது. சிவப்புக் கார் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் பார்த்த நாட்களில் முக்கால்வாசி உடம்பு பட்டி பூசிய சாம்பல் நிறத்தில்தான் இருந்தது. தரைக்கு அவ்வளவு நெருக்கமாக இருக்கும் என்பதால் அம்மா அதைக் "குந்திகினு கீற காரு" என்பாள்.

அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு டூல் ரூமில் ஃபிட்டர். சித்தப்பா அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். தாத்தா போன பிறகு அவரைப் பள்ளிக்கு அனுப்பியதும், கை உடைந்தபோது தோளில் தூக்கிக்கொண்டு ஓடியதும், தொழில் கற்றுக்கொடுத்ததும் அப்பாதான். எனக்கு ஏழு வயதிருக்கும்போது ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துப் பந்தயத் தளத்தில் சித்தப்பா இந்தக் காரை ஓட்டிக் கடைசியிலிருந்து மூன்றாவதாக வந்தார். அதற்குக் காரணம் எஞ்சின்தான், சக்கரம் இல்லை என்று அப்பா தெருவில் கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொன்னார்.

பிறகு சித்தப்பா ஒசூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து போய்விட்டார். அடுத்த பந்தயத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது லீவு போட்டுவிட்டு வந்தார். முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். சித்திரை வெயிலில் யாரும் அப்படிப் போடமாட்டார்கள்.

"இன்னா தம்பி, சட்டைக்குள்ள ஆளு கீறியா, இல்ல சட்டை மட்டும் பஸ் ஏறி வந்துச்சா?" என்று அம்மா கேட்டாள்.

"மெஸ்ஸு சோறு அண்ணி. நாய்கூட மோந்து பாத்துட்டு போயிடும்."

அம்மா சிரித்தாள். அப்பா சிரித்தாரா என்பது எனக்கு நினைவில்லை.

முந்தைய வருடம் சித்தப்பாவின் எடை எழுபது கிலோ. வேலை நடக்கும்போது அவர் சீட்டில் உட்கார முடியாது. பலகைகளின் மேல் ஏற்றி நிறுத்திய காருக்கு அடியில் படுத்து ஸ்பேனர் திருப்புவது அவர்தான். அதனால் அவருக்குப் பதிலாக முப்பத்தைந்து கிலோ மணல் மூட்டைகள் இரண்டை அப்பா தைத்து வைத்திருந்தார். சனிக்கிழமை காலை அந்த மூட்டைகளையே சீட்டில் வைத்துவிடலாம் என்று சித்தப்பா சொன்னார். ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொன்னார். அப்பா கேட்கவில்லை. எடை ஒரு வருடத்தில் இரண்டு மூன்று கிலோ மாறியிருக்கலாம், பார்த்துவிடுவோம் என்றார். அவருக்கு வேறு எண்ணம் எதுவும் இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அளக்காத எதையும் அவர் நம்பமாட்டார், அவ்வளவுதான்.

எங்கள் தெருமுனையில் ஒரு காயலாங்கடை. பழைய இரும்பு நிறுக்க ஆள் ஏறி நிற்கக்கூடிய பெரிய தராசு அங்கே இருந்தது. நானும் கூடவே போனேன்.

"இன்னா நைனா," என்றார் கடைக்காரர் அப்பாவிடம், "பித்தாளை கொண்டாருவேன்னு பாத்தா தம்பிய இட்டாந்துகீறே. கிலோ இன்னா ரேட்டு போடட்டும்?"

"பாத்து போடு அண்ணாத்தே," என்றார் சித்தப்பா. "துரு ஜாஸ்தி."

தராசு ஐம்பத்தெட்டு காட்டியது.

அப்பா சித்தப்பாவை இறங்கச் சொன்னார். கடையில் கிடந்த இருபது கிலோ எடைக்கல்லைத் தூக்கித் தராசில் வைத்தார். இருபது காட்டியது. மறுபடியும் சித்தப்பாவை ஏறச் சொன்னார். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறப் போனவரை, செருப்போடு ஏறு என்றார். ஐம்பத்தெட்டுதான்.

"என் தராசு மேலயே சந்தேகமா உனுக்கு?" என்று ஆரம்பித்த கடைக்காரர், சித்தப்பாவை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு மிச்சத்தைச் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். எனக்கு அலுத்துவிட்டது. நானும் ஏறுகிறேன் என்று ஏறி நின்றேன். இருபத்து மூன்று.

அந்தக் கணக்கைச் சொன்னது சித்தப்பாதான். ஒரு மூட்டையும் பாப்பாவும் சேர்ந்தால் சரியாக ஐம்பத்தெட்டு, மூட்டையைப் பிரித்து மணலைக் கொட்ட வேண்டாம் என்றார். அதுவரை அந்தக் காரின் கதவைத் தொடக்கூட எனக்கு அனுமதி கிடையாது. நான் வீடுவரை ஓடியே வந்தேன்.

சீட்டில் மூட்டையை வைத்து அதன் மேல் என்னை உட்கார வைத்தார்கள். அப்பா காரின் இரண்டு பக்கமும் சக்கரங்களின் நடு உயரத்தில் நைலான் நூலை இழுத்துக் கட்டினார். நூலிலிருந்து சக்கரத்தின் முன் விளிம்பு எவ்வளவு தூரம், பின் விளிம்பு எவ்வளவு தூரம் என்று ஸ்டீல் ஸ்கேல் வைத்துப் பார்ப்பார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சக்கரம் உள்ளே திரும்பியிருக்கிறதா, வெளியே திரும்பியிருக்கிறதா என்பதைச் சொல்லும். அதைச் சொன்னால் சித்தப்பா அடியில் படுத்தபடி திருப்புவார். அசையக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நான் மூச்சைக்கூடச் சிறிது சிறிதாகத்தான் விட்டேன். அவர்கள் பேசியது என் கால்களுக்குக் கீழிருந்து கேட்டது.

"எப்பலேந்து?" என்றார் அப்பா.

"இன்னா எப்பலேந்து?"

"இப்டி எளைச்சுகினு போறது."

"ஒசூர் தண்ணி ஒத்துக்கல."

"டாக்டராண்ட போனியா?"

ஸ்பேனர் எதிலோ இடிக்கும் சத்தம் கேட்டது. "அரை சுத்து போதுமா, இன்னும் திருப்பணுமாண்ணா?"

ஸ்கேல் தரையில் படும் சத்தம் கேட்டது. அப்பா, "அரை சுத்து," என்றார்.

மத்தியானத்துக்குள் நான்கு சக்கரங்களும் சரியாகிவிட்டன. அப்பா ஒவ்வொன்றையும் இரண்டாம் முறை அளந்து, சரி என்று தலையாட்டியதை நான் பார்த்தேன். பிறகு அவர் சுவரில் சாய்ந்து நின்று காரையே பார்த்துக்கொண்டிருந்தார். பந்தயம் முடிந்தது போலக் களைத்திருந்தார். நான் இறங்கலாமா என்று கேட்க வாயெடுப்பதற்குள் அவரே வந்து என்னைத் தூக்கி இறக்கிவிட்டார். மூலையில் கிடந்த இரண்டாவது மூட்டையை இழுத்து வந்து சீட்டில் போட்டார்.

சித்தப்பா காருக்கு அடியிலிருந்து தலையை நீட்டினார். "இன்னாண்ணா பண்றே?"

"எழுபதுக்கு வெக்கிறேன்."

"எழுபது போன வருசம்."

"உன் எடை எழுபதுதாண்டா."

"தராசு சொல்லிச்சே."

"தராசு இன்னிக்கு சொல்லிச்சு. பந்தயம் இன்னும் மூணு வாரம் கீது. அதுக்குள்ள ஏறிடும்."

"ஏறலேன்னா?"

"ஸ்பேனரை எடு," என்றார் அப்பா.

சித்தப்பா மறுபடியும் காருக்கு அடியில் நகர்ந்து போனார். பிறகு ஸ்பேனரை எடுத்தார். சரியாக இருந்த எல்லாவற்றையும் இருவருமாகக் கலைத்து, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்கள். நான் அசைந்துவிட்டேன், அதனால்தான் அளவு கெட்டுப்போய் என்னை இறக்கிவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் அழுதேன். அசையவே இல்லை என்று அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் சொல்லவில்லை.

மறுநாள் ஓட்டிப் பார்க்க நூம்பலுக்குப் போனோம். அங்கே அப்போது மனைப்பிரிவு போட்டுத் தார்ச்சாலைகள் மட்டும் இருந்தன, வீடுகள் வரவில்லை. சித்தப்பா காரில் வந்தார். நானும் அப்பாவும் மொபெட்டில் போய்ச் சாலையின் ஒரு முனையில் நின்றோம். சோதனை எளிமையானது. வேகம் எடுத்த பிறகு ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்க வேண்டும். கார் ஒரு பக்கமும் ஒதுங்காமல் வந்தால் சக்கரங்கள் சரி.

கார் எங்களை நோக்கி நேராக வந்தது. சித்தப்பா இடது கையை உயரத் தூக்கி ஆட்டினார். வலது கையைக் காணோம். எங்களைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்து நிறுத்தினார். சட்டை முழுவதும் நனைந்திருந்தது.

"நூல் புடிச்சாப்ல போவுதுண்ணா."

"ரெண்டு கையும் உட்டியா?"

"உட்டேன்."

"ஒரு கைதான் தூக்குனீங்க," என்றேன் நான்.

சித்தப்பா என்னைப் பார்க்காமல் டேஷ்போர்டைத் துடைத்தார். அப்பா என் தலையில் கை வைத்தார். "ரெண்டு கையுந்தான் தூக்கினான் பாப்பா. நான் பாத்தேன்."

டூல் ரூமில் ஒரு மயிரளவு பிசகைக்கூடக் கண்ணாலேயே கண்டுபிடிப்பார் என்று அப்பாவைப் பற்றிச் சொல்வார்கள்.

வயிற்றில் கட்டி இருப்பதாக ஒசூரிலேயே ஒரு டாக்டர் சொல்லிவிட்டிருந்தார். அறுத்துப் பயனில்லை என்றும் சொல்லியிருந்தார். ஒரு பந்தயம் ஓட்டிவிட்டு அதன் பிறகு அண்ணனிடம் சொல்லலாம் என்று சித்தப்பா வந்திருக்கிறார். இவையெல்லாம் எனக்குக் கல்யாணம் ஆன பிறகு அம்மா சொன்னவை. பந்தயத்துக்கு அவர் போகவில்லை. அந்த நாளில் கீழ்ப்பாக்கத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தார். ஆடி மாதம் முடிவதற்குள் போய்விட்டார். காரை அப்பா யாருக்கு விற்றார் என்று அவர் சொல்லவும் இல்லை, நாங்கள் கேட்கவும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நூம்பலிலிருந்து வரும் வழியில் அப்பா ஆட்டுக்கறி வாங்கினார். ஈரலும் நல்லியும் கேட்டு வாங்கினார். எங்கள் வீட்டில் அம்மாதான் பரிமாறுவாள். அப்பா கரண்டியைத் தொட்டு நான் பார்த்ததில்லை. அன்று அவர் சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சித்தப்பாவின் தட்டில் சோற்றைப் போட்டார், ஈரலை வைத்தார், நல்லியை வைத்தார். சித்தப்பா போதும் என்று கையை மறித்தபோது விரல்களுக்கு நடுவில் போட்டார்.

"துன்னுடா," என்றார். "இது இன்னா, குருவி துன்ற மாரி."

சித்தப்பா அண்ணனின் முகத்தைப் பார்த்துக்கொண்டே தின்றார். நிறுத்தாமல், வேக வேகமாகத் தின்றார். திடீரென்று எழுந்து கொல்லைப்பக்கம் போனார். குழாயைத் திறந்துவிடும் சத்தமும், அந்தச் சத்தத்தால் மறைக்க முடியாத ஓங்கரிப்பும் கேட்டன. அம்மா தன் தட்டில் கையை வைத்தபடி இருந்தாள். திரும்பி வந்து உட்கார்ந்த சித்தப்பாவின் தட்டில் அப்பா மறுபடியும் ஒரு கரண்டி சோறு வைத்தார். சித்தப்பா அதையும் பிசைய ஆரம்பித்தார்.

சட்டியில் ஈரல் தீர்ந்துவிட்டது. எனக்கு ஒரு துண்டுகூட வரவில்லை. இப்படி வாந்தி எடுத்து வீணாக்குகிற ஆளுக்கே எல்லாவற்றையும் ஏன் போடுகிறார் என்று அப்பா மேல் கோபம் வந்தது. அதைவிடச் சித்தப்பா மேல்தான் கோபம் அதிகம். வயிறு கொள்ளாது என்று தெரிந்தும் ஒரு மனிதருக்கு இவ்வளவு பேராசை ஆகுமா என்று நினைத்துக்கொண்டு, வெறும் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டு எழுந்தேன்.