மருந்து நேரக் கடிகாரம்

கணவர் தும்முவதற்காக வாயைத் திறந்து, கண்ணைச் சுருக்கி, மேலே அண்ணாந்து பார்க்கிறார். அதற்குள் அவள் கை பைக்குள் போய் ஸ்டாப்வாட்சை அமுக்கிவிட்டது. தும்மல் முடிந்ததும் மறுபடி ஒரு அமுக்கு.

“முப்பத்தொரு ஃபிரேம்ங்க. தும்மல் ஆறுதான். மத்ததெல்லாம் வெறும் பில்டப்பு.”

“மனுஷன் நிம்மதியா தும்மக்கூட முடியல இந்த வீட்டுல” என்று அவர் மூக்கைத் துடைத்துக்கொள்கிறார்.

அவள் விளம்பரப் படங்களுக்கு அனிமேஷன் செய்கிறவள். திரையில் குதிக்கிற பற்பசைக்கும் தடுக்கி விழுகிற கரடிக்கும் அவள்தான் காலும் முதுகெலும்பும். ஊருக்கெல்லாம் ஒரு நொடி என்பது ஒரு நொடி. அவளுக்கு அது இருபத்தைந்து ஃபிரேம், அதாவது இருபத்தைந்து தனித்தனிப் படம். எதிர்வீட்டு நாய் சோம்பல் முறிப்பது, லிஃப்டுக்கு நிற்பவர் பொறுமை இழந்து பொத்தானை மறுபடி குத்துவது, கொழுந்தன் பொய் சொல்வதற்கு முன் காதைத் தொடுவது, எல்லாம் ஒரு நோட்டில் ஃபிரேம் கணக்கோடு ஏறியிருக்கின்றன. அலுவலகத்தில் அதற்குத் திருட்டு நோட்டு என்றே பெயர். “நான் எங்கங்க திருடறேன்? கீழ கெடக்கறதை எடுத்து வெச்சுக்கறேன், அவ்வளவுதான்” என்பாள்.

அதில் அதிகப் பக்கங்கள் மாமியாருக்குத்தான். சோபாவிலிருந்து அவர் எழுவது லேசுப்பட்ட காரியம் அல்ல. முதலில் முழங்கால்கள் இரண்டையும் பார்ப்பார், புறப்படலாமா என்று கேட்பதுபோல. உள்ளங்கைகளை ஊன்றி ஒரு “ம்ம்”. பாதி எழுந்ததும் நின்று, யாரோ கூப்பிட்ட மாதிரி சுற்றிலும் பார்ப்பார். அப்புறம்தான் மீதி. கடைசியாக, பின்பக்கம் ஆடையை ஒரு இழுப்பு. மொத்தம் நூற்றுப் பத்து ஃபிரேம். இவ்வளவு அழகாக யாரும் எழுந்து அவள் பார்த்ததில்லை. அதை மாமியாரிடம் சொல்லத்தான் தைரியம் வரவில்லை. “கையில என்னம்மா அது?” என்று அவர் ஒருமுறை கேட்டபோது, “உங்க மருந்து நேரம் பார்க்கறதுக்கு அத்தை” என்று வாயில் வந்ததைச் சொல்லிவைத்தாள்.

வினை ஒரு மெத்தை விளம்பரத்தில் வந்தது. பழைய மெத்தையிலிருந்து யானை ஒன்று பாடுபட்டு எழ வேண்டும். மூன்று தடவை செய்து அனுப்பினாள். மூன்று தடவையும் மெத்தைக் கம்பெனிக்காரர், “யானை எழுந்திரிக்குது, சரி. அதுக்கு உடம்பு வலிக்கவே இல்லையேம்மா” என்று திருப்பிவிட்டார். நாலாம் தடவை அவள் நோட்டைத் திறந்து, மாமியாரை அப்படியே யானைக்குள் இறக்கிவிட்டாள். கம்பெனிக்காரர் விழுந்து விழுந்து சிரித்து, அன்றைக்கே சரி சொன்னார்.

விளம்பரம் டி.வி.க்குப் போன பிறகுதான் அவளே கவனித்தாள். எழுந்து நின்ற யானை, தும்பிக்கையைப் பின்னால் கொண்டுபோய், இல்லாத ஆடையை இழுத்துவிட்டுக்கொண்டது. நோட்டில் இருந்ததை ஒன்று விடாமல் நகலெடுத்த கை, அதையும் சேர்த்தே எடுத்திருந்தது.

கேலி செய்துவிட்டாள் என்று மாமியார் நினைத்துவிட்டால்? ஆசைப்பட்டுத்தான் எடுத்தேன் என்றால் யார் நம்புவார்கள்? ஒரு வாரம் ரிமோட்டை மாவு டப்பாவில் ஒளித்துவைத்தாள். எட்டாம் நாள் கணவருக்கு என்ன பசியோ, டப்பா டப்பாவாகத் திறந்து அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

அன்று சாயங்காலம் மூன்று பேரும் உட்கார்ந்திருக்க, யானை வந்தது. முழங்காலைப் பார்த்தது. “ம்ம்” என்றது. பாதியில் நின்றது. கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, அம்மாவைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். யானை பின்னால் ஒரு இழுப்பு இழுத்தது.

அடுத்த விளம்பரம் ஓடியது, அதற்கடுத்ததும் ஓடியது. பிறகு மாமியார் தன் முழங்கால்கள் இரண்டையும் பார்த்தார். உள்ளங்கைகளை ஊன்றினார். ஆனால் எழவில்லை.

“அந்த மருந்துக் கடிகாரத்தை எடும்மா” என்றார். “நின்னதுக்கு அப்புறம் நான் ரெண்டு தடவை இழுப்பேன். உன் யானை ஒரு தடவைதான் இழுத்துச்சு.”

அவள் பைக்குள் கையை விட்டுத் துழாவினாள். ‘டிக்’ என்ற சத்தம் காதில் விழும்வரை பொறுமையாகக் காத்திருந்துவிட்டு, மாமியார் “ம்ம்” என்றார்.